குழம்பிக் கிடக்கும் பாட்டுச் சேகரிப்பை ஒழுங்குபடுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஒரு காலத்தில் கொம்பியூட்டர் வைத்திருந்த தமிழ் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் மிஞ்சி இருக்கும். திறந்து பார்த்தால் 'பாட்டு', 'பாட்டு புதுசு', 'அண்ணாட பாட்டு', 'பாட்டு பேக்கப் கடைசி' என்று போல்டருக்குள் போல்டர். கொமியுனிகேஷன் கடையில் போனுக்கு ஏற்றிக்கொண்டு வந்த எம்பி3கள், புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய இறுவட்டுகளின் கொப்பிகள், யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ கசெட்டை மாற்றி அனுப்பியது, வட்ஸ்அப்பில் வந்த திருவிழா நாதஸ்வரம் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். இதை ஒழுங்குபடுத்த உட்காருகிறவர்களில் அநேகர் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம், தொடங்கும் இடம் பிழை. போல்டருக்குப் பெயர் மாற்றுவதிலும் டூப்ளிகேட் அழிப்பதிலும் தொடங்கினால் வேலைக்கு முடிவே வராது. நான் சொல்லும் வரிசை இது: மறுபடி எங்கேயும் கிடைக்காததை முதலில் காப்பாற்றுங்கள், அப்புறம் பைலுக்குள் இருக்கும் டேக்கை, அதாவது பாட்டின் விவரங்களை, திருத்துங்கள், போல்டரும் பைல் பெயரும் அந்த டேக்கிலிருந்து கடைசியில் தானாக உருவாகட்டும்.

இப்போதுதான் எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021இல். படப்பாட்டு கேட்க மட்டும் என்றால் அதுவே போதும். ஆனால் 70களில் இலங்கை வானொலி ஒலிபரப்பிய ஈழத்து மெல்லிசைப் பாடல்களில் எத்தனை அங்கே இருக்கின்றன என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் யாரோ பிடித்த தவில் கச்சேரி அங்கே இல்லை. அது உங்கள் டிஸ்க்கில்தான் இருக்கிறது, ஒருவேளை உங்கள் டிஸ்க்கில் மட்டும்.

எதையும் தொடுவதற்கு முன்

ஒரு புது ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கினால் விலை வித்தியாசம் தெரியும், உத்தரவாதச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு இடம் வேண்டும் என்பதைச் சுலபமாகக் கணக்குப் பார்க்கலாம். 128 கேபிபிஎஸ் (ஒலித்தரத்தைக் காட்டும் அளவு) எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, 320 என்றால் 2.4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 10,000 இருந்தால், 128இல் 50 ஜிபி, எல்லாமே 320 என்றாலும் 120 ஜிபிதான். 1 டிபி தாராளம். இடம் போதாது என்ற பயத்தில் எதையும் அழிக்க வேண்டியதில்லை.

பழைய டிஸ்க், பென் டிரைவ், போன் சிப், இறுவட்டு எல்லாவற்றிலும் உள்ளதைப் புது டிஸ்க்கில் 'வந்தவை' என்ற ஒரே போல்டருக்குள், எது எங்கிருந்து வந்தது என்று தெரியும்படி தனித்தனி உள்போல்டராகக் கொப்பி செய்யுங்கள். எங்கிருந்து வந்தது என்பது பின்னால் பெரிய உதவி; 'மாமா வீட்டு சிப்' என்று ஒரு போல்டர் இருந்தால், அதிலுள்ள பெயரில்லாத பாட்டுகளை அடையாளம் சொல்ல யாரைக் கேட்பது என்று தெரியும். விண்டோஸின் சாதாரண கொப்பியை விட டெராகொப்பி மாதிரி ஒரு மென்பொருள் நல்லது, கொப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று சரிபார்த்துச் சொல்லும். பழைய டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் முழுவதையும் ஒரே மூச்சில் இழுக்கப் பார்க்காதீர்கள். அதில் வேறெங்கும் கிடைக்காதது எந்தப் போல்டரில் இருக்கிறதோ அதை முதலில் எடுங்கள், படப்பாட்டு பிறகு.

மின்சாரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய நாடு இது, இப்போதும் மழைக்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போகும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் பைல் மட்டுமல்ல, சில நேரம் டிஸ்க்கின் அட்டவணையே கெட்டுவிடும். மடிக்கணினியில் செய்யுங்கள், அல்லது யுபிஎஸ் உள்ள மேசைக் கணினியில்.

கொப்பி முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். வேலை முழுவதும் முடியும் வரை அதைத் தொடக் கூடாது.

மறுபடி கிடைக்காதவை

'வந்தவை'க்குள் இருந்து முதலில் பிரித்தெடுக்க வேண்டியவை இவை: வீட்டில் பதிந்த குரல்கள், கோயில், தேவாலய, பாடசாலை நிகழ்ச்சிப் பதிவுகள், வானொலியிலிருந்து கசெட்டில் பிடித்தவை, உள்ளூரில் வெளியான ஒலிநாடா, இறுவட்டுகள், நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாடல்களின் பழைய பதிவுகள், தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி, நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதன் போன்றவர்களின் கச்சேரிகளை யாராவது நேரில் பிடித்திருந்தால் அவை. இவற்றுக்கு 'நம்முடையது' என்றோ வேறு எப்படியோ ஒரு தனிப் போல்டர். தரம் மோசமாக இருக்கிறது, இரைச்சல் அதிகம் என்று ஒன்றையும் ஒதுக்காதீர்கள்.

வானொலிப் பதிவுகளில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் அறிவிப்பாளர் குரலை, விளம்பரத்தை, நேரம் சொல்வதை வெட்டி எறியாதீர்கள். அந்தப் பதிவு எந்தக் காலத்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி பல நேரம் அதுதான். இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறியது 1967இல். ஆகவே அறிவிப்பில் 'கூட்டுத்தாபனம்' என்று கேட்டாலே அது அதற்குப் பிந்தியது என்று நிச்சயமாகச் சொல்லலாம். விளம்பரத்தில் சொல்லும் பொருளின் விலை, புதுப்படம் என்று சொல்லும் படத்தின் பெயர், நேயர் விருப்பத்தில் வாசிக்கும் ஊர்கள் எல்லாமே துப்பு. பாட்டை மட்டும் தனியாக வேண்டுமானால் முழுப் பதிவை அப்படியே வைத்துவிட்டு அதிலிருந்து ஒரு துண்டு எடுங்கள். எம்பி3யை வெட்டும்போது சாதாரண எடிட்டரில் திறந்து சேமித்தால் மறுபடி சுருக்கப்பட்டுத் தரம் குறையும், எம்பி3டைரக்ட்கட் மாதிரி மறுசுருக்கம் இல்லாமல் வெட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

இன்னும் கசெட்டாகவே இருப்பவற்றை இந்தக் கட்டத்திலேயே மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் கடற்கரை ஊரின் ஈரப்பதம் ஒலிநாடாவுக்கு ஆகாது. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக வீடு என்றால் சொல்லவே வேண்டாம். கசெட்டின் சின்னக் கண்ணாடி வழியாகப் பாருங்கள், நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதைப் பிளேயரில் போட்டால் ஹெட் முழுவதும் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் பரவும். அதை ஒரு பையில் தனியாக வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கசெட் என்றால் முதலில் ஒரு பக்கம் முழுவதும் முன்னும் பின்னும் சுற்றி நாடாவைத் தளர்த்திக்கொண்டு, ஹெட்டை ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிளேயரிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு வயர் கொடுத்து, ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியுங்கள். பல மடிக்கணினிகளில் லைன்-இன் இல்லை, மைக் துளைதான் இருக்கும். அதில் செருகினால் சத்தம் உடைந்து கேட்கும், மலிவான யுஎஸ்பி ஓடியோ கருவி ஒன்று வாங்குங்கள். சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். சிடி தரத்தில் சுருக்கம் இல்லாமல் பதிந்தால் நிமிடத்துக்கு 10 எம்பி ஆகும், 60 நிமிடக் கசெட் 600 எம்பி. பிளாக் (FLAC) வடிவில் சேமித்தால் அதில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும், ஒலியில் ஒரு துளியும் குறையாது. இரைச்சல் நீக்குவதென்றால் இந்தப் பிளாக்கின் கொப்பியில் செய்யுங்கள், மூலத்தில் ஒருபோதும் கை வைக்காதீர்கள். இன்று இருப்பதை விட நல்ல இரைச்சல் நீக்கி நாளைக்கு வரும், அப்போது உங்களுக்கு அசல் தேவை.

கசெட் அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து அதே போல்டரில் போடுங்கள். நீலப் பேனாவில் யாரோ எழுதிய பாட்டு வரிசை, கோடு போட்டு வெட்டிய ஒரு பெயர், மூலையில் பாட்டுப் பதிந்து தந்த ரெக்கோடிங் பார் கடைச் சீலின் பாதி, இவையெல்லாம் டேக்கில் ஏறாத தகவல்கள்.

சரி, டேக் என்றால் என்ன

எம்பி3 பைலுக்குள்ளேயே பாட்டின் தலைப்பு, பாடகர், ஆல்பம், ஆண்டு எல்லாம் எழுதிவைக்க ஒரு இடம் இருக்கிறது. போனிலும் காரிலும் தெரிவது பெரும்பாலும் அதுதான், பைலின் பெயர் இல்லை. ஒரு எடுத்துக்காட்டு. எம்பி3டேக் என்ற மென்பொருளில் (விண்டோஸில் இலவசம்) ஒரு பழைய பாட்டைத் திறக்கிறோம் என்று வையுங்கள். பைல் பெயர் 'ட்ராக்_07_கொப்பி(2)'. தலைப்பில் 'ட்ராக் 7'. பாடகர் என்ற இடத்தில் பாட்டைத் தரவிறக்கிய இணையத்தளத்தின் பெயர். ஆல்பத்தில் 'ஹிட்ஸ் வொல்யூம் 3'. ஆண்டு காலி. குறிப்பு என்ற இடத்தில் பாட்டு ஏற்றித் தந்த கடையின் தொலைபேசி இலக்கம். அட்டைப்படத்தில் அந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நடிகை. இந்தப் பைலை எந்தப் போல்டரில் கொண்டுபோய் வைத்தாலும் போனில் அது 'ட்ராக் 7' என்றுதான் தெரியும். அதனால்தான் போல்டரில் தொடங்க வேண்டாம் என்கிறேன்.

டேக்கில் எனக்கு முக்கியமானவை ஆறு: தலைப்பு, பாடகர், ஆல்பம், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், ஆண்டு, இசையமைப்பாளர். இதில் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்பதைத்தான் எல்லாரும் காலியாக விடுகிறார்கள், படப்பாட்டுக்கு அதுதான் உயிர். ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறுக்கும் வேறு வேறு பாடகர்கள். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலி என்றால் பல பிளேயர்கள் ஒரே படத்தை ஆறு ஆல்பமாக உடைத்துக் காட்டும். ஆறிலும் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டாக இசையமைப்பாளர் பெயரைப் போட்டுவிட்டால் படம் ஒன்றாகச் சேர்ந்துவிடும், இசையமைப்பாளர் வாரியாகத் தேடவும் முடியும். பாடகர் இடத்தில் பாடியவர்களின் பெயர்கள் மட்டும், ஒருவருக்கு மேல் என்றால் நடுவில் அரைப்புள்ளி.

ஆண்டும் அப்படித்தான். 'விக்ரம்' என்று தேடினால் 1986ஆம் ஆண்டுப் படமும் வரும், 2022ஆம் ஆண்டுப் படமும் வரும். ஒன்றுக்கு இளையராஜா, மற்றதற்கு அனிருத். ஆண்டு இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஆல்பமாகக் கலந்துபோகும். ஆல்பம் பெயரிலேயே ஆண்டைச் சேர்த்து 'விக்ரம் 1986' என்று எழுதிவிடுவது இன்னும் பாதுகாப்பு. விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் இணைந்து இசையமைத்து 1965இல் பிரிந்தார்கள். இணையத்திலிருந்து வந்த பைல்களில் பெரும்பாலும் எல்லாவற்றையும் எம்.எஸ்.வி. பெயரில் போட்டிருப்பார்கள். ஆண்டைச் சரியாகப் போட்டால் இந்தப் பிழை தானாகவே கண்ணில் படும். ராமமூர்த்தியின் பெயரை அவருடைய பாட்டுகளில் திரும்பச் சேர்ப்பது செய்ய வேண்டிய வேலை.

கர்நாடக இசைக்கு இந்த ஆறும் போதாது. பாடியவர், இயற்றியவர், இராகம், தாளம் நான்கும் வேண்டும். இசையமைப்பாளர் என்ற இடத்தில் தியாகராஜர், தீட்சிதர் என்று இயற்றியவரையும், குரூப்பிங் என்ற இடத்தில் இராகத்தையும், குறிப்பில் தாளத்தையும் பக்கவாத்தியக்காரர்களையும் எழுதுவது நான் பின்பற்றும் முறை. தேவாரத்துக்கு இராகம் இருக்கும் இடத்தில் பண். குரூப்பிங்கில் தேடினால் உங்களிடமுள்ள தோடி எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும், கச்சேரி கேட்கிறவர்களுக்கு அதை விட வேறென்ன வேண்டும்.

தமிழ் எழுத்து

நம்முடைய சேகரிப்புகளில் மட்டும் வரும் தலைவலி இது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் கிடைக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

யுனிக்கோடு பரவும் வரை இலங்கையில் பாமினி எழுத்துருதான் எங்கும். அந்தக் காலத்தில் தமிழில் பெயர் அடித்த பைல்களை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக அர்த்தமில்லாமல் தெரியும். அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் அது பாமினி என்று அநேகமாக நம்பலாம், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த விசையில்தான் இருக்கிறது. மேலே கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி போன்ற வேறொரு குறியாக்கமாக இருக்கலாம். குப்பை என்று அழித்துவிடாதீர்கள், உள்ளே சரியான தமிழ்ப் பெயர் இருக்கிறது. நூறு பைலையும் ஒவ்வொன்றாக அடிக்கத் தேவையில்லை: எம்பி3டேக்கில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து, எக்ஸ்போர்ட் மூலம் தலைப்புகளை ஒரு வரிக்கு ஒன்றாக டெக்ஸ்ட் பைலில் எடுங்கள். அதை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி-யுனிக்கோடு மாற்றியில் ஒட்டி மாற்றுங்கள். மாற்றியதை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, கன்வர்ட் மெனுவில் டெக்ஸ்ட் பைலிலிருந்து டேக்குக்கு என்ற வசதியால் திரும்ப ஏற்றுங்கள். வரிசை மட்டும் மாறக் கூடாது; ஏற்றுமதி செய்தபோது பைல்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் இருக்க வேண்டும், ஒரு வரி தள்ளினால் எல்லாப் பாட்டுக்கும் அடுத்த பாட்டின் பெயர் வந்துவிடும். ஏற்றியதும் நடுவில் இரண்டு மூன்று பாட்டைப் போட்டுக் கேட்டுச் சரிபாருங்கள்.

அடுத்தது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள். 'கொ' என்பதில் உள்ள கொம்பும் காலும் யுனிக்கோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் இருக்கலாம். பழைய மாற்றிகள் சில இரண்டாவது வகையைத் தரும். பழைய மெக் கணினிகளும் பைல் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. விளைவு, 'கோயில்' என்று இரண்டு போல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில், எவ்வளவு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. 'ஔ' எழுத்தை 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்திருப்பதும் இதே வகை. தேடும்போது இருக்க வேண்டிய பாட்டு வராவிட்டால் இதைச் சந்தேகப்படுங்கள், அந்தப் பெயரை இப்போதைய விசைப்பலகையில் ஒரு தடவை புதிதாக அடித்து எல்லாப் பைலுக்கும் ஒட்டிவிடுங்கள்.

எம்பி3டேக்கின் செட்டிங்ஸில் டேக் எழுதும் வடிவம் ஐடி3வி2.3, யுடிஎஃப்-16 என்று இருக்கட்டும், பழைய கருவிகள் கூட அதைப் படிக்கும். ஐடி3வி1 எழுதுவதை நிறுத்திவிடுங்கள். அது தலைப்புக்கு 30 எழுத்து மட்டும் இடம் தரும் பழைய முறை, தமிழ் அதில் கேள்விக்குறிகளாகத்தான் போய் நிற்கும். சில கார் செட்டுகள் அதைத்தான் படித்துக் காட்டும்.

தமிழில் எழுதுவதா ஆங்கில எழுத்தில் எழுதுவதா என்பதற்கு என்னுடைய பதில் இரண்டும். டேக்கின் தலைப்பு தமிழில், பைலின் பெயர் ஆங்கில எழுத்தில். தமிழில் தேடினாலும் கிடைக்கும், தமிழ் தெரியாத கார் செட்டிலும் படிக்கலாம். தலைப்பைத் தமிழுக்கு மாற்றுவதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் ஆங்கில எழுத்துத் தலைப்பை 'டைட்டில் சோர்ட்' என்ற இடத்துக்கு மொத்தமாகக் கொப்பி செய்துவிடுங்கள், எம்பி3டேக்கின் அக்ஷன்ஸ் மூலம் ஒரே கிளிக்கில் ஆகும். பைல் பெயரைப் பிறகு அதிலிருந்தே உருவாக்கலாம்.

ஒரு ஆளுக்கு ஒரு பெயர்

இளையராஜாவை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பார்கள், தமிழில் ரஹ்மான், ரகுமான், ரெஹ்மான். பிளேயருக்கு ஒவ்வொன்றும் வேறு ஆள். ஒரு காகிதத்தில், அல்லது ஒரு டெக்ஸ்ட் பைலில், நீங்கள் ஏற்கும் எழுத்துமுறையைப் பெயருக்கு ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள்: முதலெழுத்துகளுக்கு நடுவில் புள்ளி உண்டு, இடைவெளி இல்லை என்பது வரை. எது சரி என்று நீண்ட நேரம் யோசிக்கத் தேவையில்லை, ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். பிறகு எம்பி3டேக்கில் பாடகர் பத்தியை அகர வரிசையில் அடுக்கினால் ஒரே ஆளின் பல பெயர்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும், மொத்தமாகத் தெரிவுசெய்து ஒரே தடவையில் மாற்றலாம். இணையத்தளப் பெயர்கள், கடை இலக்கங்களை அக்ஷன்ஸில் ரிப்ளேஸ் கொடுத்து எல்லாப் பைலிலிருந்தும் ஒரேயடியாக நீக்குங்கள்.

பிக்கார்ட் எவ்வளவு உதவும்

மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்பது இலவச மென்பொருள். பாட்டின் ஒலியையே கேட்டு அதன் கைரேகையை எடுத்து, தன்னார்வலர்கள் சேர்த்து வைத்திருக்கும் பெரிய தரவுத்தளத்தில் தேடிப் பெயர் சொல்லும். ஓரளவு டேக் இருக்கும் பைல்களுக்கு கிளஸ்டர், அப்புறம் லுக்அப் என்ற பட்டன்களை அழுத்துங்கள். ஒன்றுமே இல்லாத 'ட்ராக் 7'களுக்கு ஸ்கேன். பிரபலமான படப்பாட்டுகளில் நல்ல பலன் உண்டு. ஆனால் 'சூப்பர் ஹிட்ஸ்' மாதிரித் தொகுப்பு ஆல்பங்களோடு பொருத்திவிடும் பழக்கம் அதற்கு உண்டு. செட்டிங்ஸில் விருப்பமான வெளியீட்டு வகையில் தொகுப்புகளைக் கீழே தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு ஆல்பத்தையும் பார்த்த பிறகே சேவ் கொடுங்கள், ஆயிரம் பைலை ஒரே தடவையில் கொடுத்துச் சேமிக்க வேண்டாம்; ஒரு படம், இரண்டு படமாகப் போங்கள். அதிலும் ஐடி3 வடிவம் 2.3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள டேக்கை முழுவதும் அழிக்கும் தெரிவை அணைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கையால் எழுதிய இராகமும் தாளமும் போய்விடும்.

இலங்கைப் பதிவுகளுக்குப் பிக்கார்ட் பெரும்பாலும் கைவிரித்துவிடும், தரவுத்தளத்தில் யாரும் சேர்க்காததுதான் காரணம். உங்களிடம் இறுவட்டோ கசெட் அட்டையோ இருந்தால் இலவசமாக ஒரு கணக்குத் திறந்து நீங்களே அந்த ஆல்பத்தைச் சேர்க்கலாம். ஒரு தடவை சேர்த்தால் டொரன்டோவிலும் லண்டனிலும் அதே பாட்டை வைத்துக்கொண்டு பெயர் தெரியாமல் இருக்கிறவருக்கும் கிடைக்கும். இதற்கு நேரம் ஒதுக்குங்கள் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

டூப்ளிகேட்

டேக் சரியான பிறகுதான் இது. டூப்குரு என்ற இலவசக் கருவியில் பாட்டுகளுக்கென்றே ஒரு முறை உண்டு, டேக்கை ஒப்பிட்டுப் பட்டியல் தரும். பட்டியலை நம்பி மொத்தமாக அழிக்காதீர்கள். ஒரே பாட்டு என்று அது சொல்லும் இரண்டின் நீளத்தைப் பாருங்கள், சில விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அநேகமாக வேறு பதிவு. பழைய பாட்டுகளில் இசைத்தட்டில் வந்த வடிவமும் படத்தில் வந்த வடிவமும் வேறாக இருப்பது சாதாரணம், ஒரு சரணம் கூடக் குறையலாம். பின்னாளில் எதிரொலி சேர்த்த கொப்பிகளும் உண்டு, அவற்றைத் தயங்காமல் நீக்கலாம், அசல் கையில் இருந்தால்.

320 என்று எழுதியிருப்பதெல்லாம் 320 இல்லை. 128ஐ எடுத்து 320 ஆக மாற்றினால் பைல் பெரிதாகும், ஒலி ஒன்றும் கூடாது. ஸ்பெக் என்ற சின்ன இலவச மென்பொருளில் பாட்டைப் போட்டால் ஒலியின் படம் தெரியும்; 16 கிலோஹெர்ட்ஸ் அளவில் கத்தியால் வெட்டியது மாதிரி மேலே கறுப்பாக இருந்தால் அது ஒரு காலத்தில் 128ஆக இருந்தது. ஆனால் 50, 60களின் பாட்டுகளுக்கு இந்தச் சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அந்தக் கால ஒலிப்பதிவிலேயே மேல் சுரங்கள் அவ்வளவு ஏறவில்லை. அங்கே காதுதான் அளவுகோல். எம்பி3யைப் பிளாக்காக மாற்றுவதிலும் பயன் இல்லை, போனது திரும்பாது.

பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்குவதற்கு ரீப்ளேகெயின் போதும், ஃபூபார்2000 அல்லது மியூசிக்பீ என்ற கணினிப் பிளேயர்களில் செய்யலாம். எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதை டேக்கில் மட்டும் எழுதும், பாட்டைத் தொடாது.

இப்போது போல்டர்

எம்பி3டேக்கில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து ஓல்ட் (Alt)+1 அழுத்தினால் டேக்கிலிருந்து பைல் பெயரும் போல்டரும் உருவாக்கலாம். படப்பாடல்களுக்கு நான் வைத்திருப்பது இசையமைப்பாளர், அதற்குள் ஆண்டும் படமும், அதற்குள் பாட்டு. மேல்மட்டத்தில் படம், கர்நாடகம், பக்தி, நம்முடையது, மற்ற மொழி என்று ஐந்தாறு போல்டர் போதும். சிங்களப் பாட்டும் ஹிந்திப் பாட்டும் எந்தக் கொழும்பு வீட்டிலும் இருக்கும். வானொலி, நிகழ்ச்சிப் பதிவுகளுக்கு ஆண்டு-மாதம்-நாள் முதலில், பிறகு இடம். நாள் தெரியாவிட்டால் ஆண்டு மட்டும், அதுவும் ஊகம் என்றால் பக்கத்தில் 'அளவில்' என்று எழுதுங்கள். பைல் பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு வேண்டாம், விண்டோஸ் ஏற்காது. முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

பிளேலிஸ்ட் சேமிக்கும்போது எம்3யு8 வடிவத்தைத் தெரிவுசெய்யுங்கள். கடைசி 8 இருந்தால்தான் தமிழ்ப் பெயர்கள் சரியாகப் போகும்.

புதிதாக வருவது எதுவும் நேராக உள்ளே போகக் கூடாது. 'வந்தவை'க்குள் விழட்டும், வாரத்துக்கு ஒரு தடவை டேக் போட்டு உள்ளே அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் வரும் பதிவுகளுக்கு அனுப்பியவர் யார் என்பதை அன்றைக்கே குறிப்பில் எழுதிவிடுங்கள்.

பேக்கப்

மூன்று கொப்பி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில். முழுச் சேகரிப்பும் ஒரு டிஸ்க்கில் வெள்ளவத்தையில் என்றால், இன்னொரு டிஸ்க் கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டிலோ வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவிடமோ. 'நம்முடையது' போல்டர் சின்னதாக இருந்தால் கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அடங்கிவிடும், உங்கள் பக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் ஏற்றுங்கள். டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் பெட்டியில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துச் செருகி, வேறு வேறு போல்டரிலிருந்து சில பாட்டுகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

போனும் காரும்

போனில் மியூசிக்கோலெட் மாதிரி இணையம் தேவைப்படாத பிளேயர் ஒன்று போதும், டேக்கையும் போல்டரையும் இரண்டையும் காட்டும். அட்டைப்படங்களை 600 பிக்சலுக்குள் ஜேபெக்காக வையுங்கள், பெரிய படம் இருந்தால் சில கார் செட்டுகள் திணறும்.

காருக்கு 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை ஃபேட்32 ஆக ஃபோர்மட் செய்யுங்கள், பழைய செட்டுகள் வேறெதையும் படிக்காது. முழுச் சேகரிப்பையும் ஏற்ற வேண்டாம், பிடித்த போல்டர்கள் சிலதை மட்டும். பிளாக் பைல்களைக் காருக்கென்று எம்பி3 கொப்பியாக மாற்றி ஏற்றுங்கள், மூலம் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். பல செட்டுகள் பெயர் வரிசையில் பாடாது, பென் டிரைவில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் பாடும். அதனால் போல்டர்களை ஒவ்வொன்றாக, நீங்கள் கேட்க நினைக்கும் வரிசையில் கொப்பி செய்யுங்கள். செருகியதும் திரையில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் செட்டின் மெனுவில் போல்டர் முறைக்கு மாற்றிப் பாருங்கள், ஆங்கில எழுத்திலுள்ள பைல் பெயர்கள் வந்துவிடும்.